ஃபாத்தின் ருஷ்டு ஸோர்லு: தூக்கிலிடப்பட்ட துருக்கி வெளியுறவு அமைச்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஸோர்லு?

1957 நவம்பர் முதல் 1960 மே 27 வரை துருக்கியின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். சைப்ரஸ் தனி நாடானதற்கு அடிப்படையான 1959ஆம் ஆண்டு சூரிச் உடன்பாட்டைப் பேசி முடித்தவர்களில் முக்கியமானவர். ராணுவப் புரட்சிக்குப் பிறகு 1961 செப்டம்பர் 16 அன்று, 51 வயதில், மர்மரா கடலில் உள்ள இம்ராலி தீவில் தூக்கிலிடப்பட்டார். நிதியமைச்சர் ஹசன் போலத்கானுக்கும் அதே நாளில் தண்டனை நிறைவேறியது. பிரதமர் அட்னான் மெந்தெரஸ் மறுநாள் தூக்கிலிடப்பட்டார்.

சைப்ரஸ் விவகாரத்துக்காகத்தான் அவரைத் தூக்கிலிட்டார்களா?

இல்லை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதிகம் குழம்புவதும் இதில்தான். சைப்ரஸ் பிரச்சினையோடு ஒட்டிய ஒரு வழக்கு அவர் மேல் இருந்தது உண்மை. 1955இல் இஸ்தான்புல் கிரேக்கர்கள் மீது நடந்த தாக்குதலைத் தூண்டினார் என்ற அந்த வழக்கில் அவருக்கு விதித்தது 6 ஆண்டு சிறை. மரண தண்டனை வந்தது வேறு வழக்கில், அரசியலமைப்பை வன்முறையால் மாற்ற முயன்றதாகக் கூறும் துருக்கி தண்டனைச் சட்டத்தின் 146ஆம் பிரிவின் கீழ். அது முழுக்க உள்நாட்டு விவகாரம். வெளியுறவு அமைச்சராக அவர் செய்த வேலைக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

அரசியலுக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தார்?

1910இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். கலத்தசராய் உயர்நிலைப் பள்ளி, பிறகு பாரிஸில் அரசியல் அறிவியல், ஜெனீவாவில் சட்டம். 1932இல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க்கின் காலத்தில் 1925 முதல் 1938 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த தெவ்ஃபிக் ருஷ்டு அராஸின் மகள்தான் அவர் மனைவி. ஒரு வெளியுறவு அமைச்சருக்கு மருமகனாகி, பின்னால் தானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா தந்த மார்ஷல் திட்ட உதவிகளைக் கையாளும் பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் பொறுப்பு அவரிடம் வந்தது. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு டாலர், எந்த இறக்குமதிக்கு அனுமதி என்பதெல்லாம் கடந்துபோகும் மேஜை அது. பின்னால் அவரைச் சுற்றி எழுந்த ஊழல் பேச்சுகளைப் புரிந்துகொள்ள இந்த மேஜையை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்ததும் அங்கே நிரந்தரப் பிரதிநிதியாகப் போனார்.

அதிகாரியாக இருந்தவர் அமைச்சரானது எப்படி?

1950 தேர்தலில் குடியரசு மக்கள் கட்சியின் 27 ஆண்டு ஆட்சி முடிந்து, மெந்தெரஸின் ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. மெந்தெரஸுக்கு மேற்கத்திய நாடுகளிடம் பணம் கேட்டுப் பேசத் தெரிந்த, பிரெஞ்சு சரளமாகப் பேசும், மேஜையைத் தட்டவும் தயங்காத ஆள் தேவைப்பட்டது. 1954 மே தேர்தலில் சானக்கலே தொகுதியிலிருந்து ஸோர்லு எம்பி ஆனார். அதே மாதம் துணைப் பிரதமர் பொறுப்பும் கிடைத்தது. அமைச்சகத்தின் பழைய ஆட்களுக்கு இந்த வேகம் பிடிக்கவில்லை. கட்சியை நிறுவிய நால்வரில் ஒருவரும் அப்போதைய வெளியுறவு அமைச்சருமான ஃபுவாத் கொப்ருலுவுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. இந்தப் பகை 1960இல் நீதிமன்றம் வரைக்கும் வந்தது.

பாண்டுங் மாநாட்டில் நேருவோடு மோதினார் என்கிறார்களே?

1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நடந்த ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டுக்குத் துருக்கிக் குழுவின் தலைவராகப் போனவர் ஸோர்லு. அணிசேராமையை நேரு வலியுறுத்தினார். அது சிறிய நாடுகளுக்கு ஆபத்து, நேட்டோ போன்ற கூட்டணிகள் தற்காப்புக்கானவை என்பது ஸோர்லுவின் வாதம்.

இலங்கைப் பிரதமர் சர் ஜான் கொத்தலாவலயும் இங்கே வருகிறார். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனியம்தானே என்று கொத்தலாவல கிளப்பிய கேள்வி மாநாட்டையே உலுக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு துருக்கியும் பாகிஸ்தான், ஈராக் போன்ற நாடுகளும் தீர்மானம் கொண்டுவர முனைந்தன. கடைசியில் "எல்லா வடிவங்களிலும் காலனியம் தீமையே" என்ற பொருளில், அவரவர் விருப்பப்படி அர்த்தம் கொள்ளத்தக்க சமரச வாசகம் வந்தது. மேற்கு நாடுகள் ஸோர்லுவைப் பாராட்டின. அரபு நாடுகளும் ஆசியாவும் துருக்கியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கின. சில ஆண்டுகள் கழித்து ஐநா பொதுச்சபையில் சைப்ரஸ் விவாதத்துக்கு ஓட்டு தேடியபோது இந்தக் கணக்கு துருக்கிக்கு இடித்தது.

1955 செப்டம்பர் 6-7 சம்பவத்தில் அவருடைய பங்கு என்ன?

முதலில் நடந்தது. அப்போது பிரிட்டனின் காலனியாக இருந்த சைப்ரஸ் குறித்து பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் லண்டனில் ஆகஸ்ட் 29 முதல் பேசிக்கொண்டிருந்தன. துருக்கித் தரப்புக்குத் தலைமை ஸோர்லு. செப்டம்பர் 6 அன்று, கிரீஸின் தெசலோனிகியில் அத்தாதுர்க் பிறந்த வீடு இருக்கும் துருக்கித் துணைத் தூதரக வளாகத்தில் குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தது. சேதம் சிறியது. 'இஸ்தான்புல் எக்ஸ்பிரஸ்' என்ற மாலைப் பத்திரிகை வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரதிகள் அச்சிட்டு அதைப் பரப்பியது. மாலையில் தக்ஸிம் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. இரவுக்குள் இஸ்தான்புல் கிரேக்கர்களின் ஆயிரக்கணக்கான கடைகளும் வீடுகளும் 73 தேவாலயங்களும் தாக்கப்பட்டன. ஆர்மீனியர், யூதர் கடைகளும் தப்பவில்லை. லாரிகளில் ஆட்கள் வந்திறங்கியதையும், கையில் கடப்பாரையும் பெட்ரோலும் இருந்ததையும், போலீஸ் வேடிக்கை பார்த்ததையும் வைத்துப் பார்த்தால் அது தானாக வெடித்த கோபம் அல்ல. அரசு முதலில் பழியைக் கம்யூனிஸ்டுகள் மேல் போட்டது. நகைச்சுவை எழுத்தாளர் அஸிஸ் நெசின் உள்ளிட்ட இடதுசாரிகளைப் பிடித்து உள்ளே தள்ளியது.

ஸோர்லு அன்றிரவு லண்டனில் இருந்தார். அவர் மேல் வைத்த குற்றச்சாட்டு, அங்கிருந்து அவர் பிரதமருக்கு அனுப்பிய சங்கேதத் தந்தியைச் சுற்றியது. துருக்கி மக்களின் கொதிப்பை வெளிக்காட்டுவது பேச்சுவார்த்தைக்கு உதவும் என்று அவர் சொன்னதாகவும், அதுவே பச்சைக்கொடி ஆனது என்றும் அரசுத் தரப்பு வாதாடியது. ஆர்ப்பாட்டம் நடக்க வேண்டும் என்று எண்ணியவர்கள், கும்பலைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று நம்பி ஏமாந்தார்கள் என்பது பரவலான வாசிப்பு. எங்கள் பார்வையில் இது அவர்களுக்குச் சலுகை காட்டும் வாசிப்பு. ஒரு சிறுபான்மையைப் பேரம் பேசும் பொருளாகக் கருதியதுதான் குற்றம், கட்டுக்கடங்காமல் போனது அதன் விளைவு. இஸ்தான்புல் கிரேக்கச் சமூகம் அதற்குப் பிறகு தேறவே இல்லை.

அதே ஆண்டு கடைசியில் அவர் பதவி போனதே?

இந்தக் கலவரத்துக்காகப் போகவில்லை. 1955 நவம்பர் 29 அன்று ஜனநாயகக் கட்சி எம்பிக்கள் கூட்டத்தில் கலகம் வெடித்தது. விலைவாசி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதி அனுமதிகளில் முறைகேடு என்று சரமாரியாகக் கேள்விகள். ஸோர்லு, போலத்கான், வர்த்தக அமைச்சர் சித்கி யிர்ஜாலி ஆகியோர் முதலில் விலக, அமைச்சரவை முழுவதும் கவிழ்ந்தது. மெந்தெரஸ் மட்டும் தனக்கெனத் தனியாக நம்பிக்கை ஓட்டு வாங்கித் தப்பினார். கூட்டாளிகளைக் கடலில் தள்ளிவிட்டுப் படகைக் காப்பாற்றிய கதை.

ஸோர்லு இரண்டு ஆண்டு வெளியே இருந்தார். அந்த இடைவெளியில் வெளியுறவுத் துறையைப் பார்த்தவர்களில் எதெம் மெந்தெரஸ் என்று ஒருவர் உண்டு. அவர் பிரதமரின் உறவினர் அல்ல. குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

மீண்டும் எப்படி வந்தார்?

1957 அக்டோபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 48 சதவீத ஓட்டில் 610 இடங்களில் 424ஐப் பிடித்தது. அப்போதைய தேர்தல் முறையில் ஒரு மாகாணத்தில் அதிக ஓட்டு வாங்கிய பட்டியலுக்கே அங்குள்ள இடங்கள் அனைத்தும். அதனால்தான் ஓட்டுக்கும் இடத்துக்கும் இவ்வளவு வித்தியாசம். நவம்பர் 25 அன்று ஸோர்லு முழு வெளியுறவு அமைச்சரானார்.

கஜானா அப்போது காலி. 1958 ஆகஸ்ட்டில் மேற்கு நாடுகளிடம் 35 கோடியே 90 லட்சம் டாலர் உதவித் தொகுப்பு கிடைத்தது. அதற்கு ஈடாக லிராவின் மதிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. 2.80 லிராவுக்கு வாங்கிய டாலருக்கு 9 லிரா கொடுக்கும் நிலை. 1958 ஜூலையில் ஈராக்கின் பாக்தாத்தில் மன்னராட்சி கவிழ்ந்ததும், துருக்கியும் சேர்ந்திருந்த 'பாக்தாத் ஒப்பந்தம்' என்ற ராணுவக் கூட்டணி தலையில்லாமல் நின்றது. அதன் தலைமையகம் அங்காராவுக்கு வந்தது, 1959இல் சென்டோ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று துருக்கி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைய விண்ணப்பித்தது. கிரீஸ் விண்ணப்பித்து இரண்டே மாதம்கூட ஆகவில்லை. கிரீஸ் எங்கே போனாலும் தனியாக விடக்கூடாது என்பது ஸோர்லுவின் மாறாத கொள்கை. அக்டோபரில் 15 ஜூப்பிட்டர் அணு ஏவுகணைகளைத் துருக்கியில் நிறுத்த அமெரிக்காவோடு ஒப்பந்தம். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சோவியத்தோடு நடந்த பேரத்தில் வைத்து எடுக்கப்பட்டவை இவைதான்.

சூரிச் உடன்பாடு எப்படி உருவானது?

அதுவரை கிரேக்க சைப்ரியட்கள் (சைப்ரஸில் வாழும் கிரேக்கர்கள்) கேட்டது கிரீஸோடு இணைப்பு. துருக்கி கேட்டது தீவைப் பிரிப்பது. 'பிரிவினை அல்லது மரணம்' என்பது தெருமுழக்கம். 1958இல் துருக்கிய சைப்ரியட்களின் ஆயுத அமைப்பை அங்காரா அனுப்பிய ராணுவ அதிகாரிகள் சீரமைத்தபோது அதற்கு ஆதரவு தந்தவரும் ஸோர்லுதான்.

1958 டிசம்பரில் நியூயார்க்கில் ஐநா விவாதம் கிரீஸுக்குச் சாதகமாக முடியவில்லை. அதன் பிறகு கிரேக்க வெளியுறவு அமைச்சர் எவாங்கெலோஸ் அவெரோஃபும் ஸோர்லுவும் தனியே பேசத் தொடங்கினார்கள். இணைப்பும் வேண்டாம், பிரிவினையும் வேண்டாம், சுதந்திர நாடு என்றால் என்ன என்பது பேச்சு. அதே மாதம் பாரிஸில் நேட்டோ கூட்டத்தின்போது தொடர்ந்தார்கள். 1959 பிப்ரவரி 11 அன்று சூரிச்சில் இரு பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். பிப்ரவரி 19 அன்று லண்டனில் பிரிட்டனும் சைப்ரஸ் தலைவர்களும் சேர்ந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மெந்தெரஸ் வந்த விமானம் காட்விக் அருகே விழுந்து, இருந்த 24 பேரில் 14 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய மெந்தெரஸ் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கையெழுத்திட்டார்.

உடன்பாட்டின் எலும்புக்கூடு இது:

- கிரேக்கரான குடியரசுத் தலைவர், துருக்கியரான துணைத் தலைவர். வெளியுறவு, பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பில் இருவருக்கும் தடுப்பு அதிகாரம் (வீட்டோ).
- அமைச்சரவை 7க்கு 3. அரசு வேலையும் நாடாளுமன்ற இடங்களும் 70க்கு 30. ராணுவம் 2,000 பேர், 60க்கு 40.
- தீவில் கிரீஸின் 950 வீரர்கள், துருக்கியின் 650 வீரர்கள். பிரிட்டனுக்கு 99 சதுர மைல் ராணுவத் தளங்கள்.
- மூன்று நாடுகளும் உத்தரவாதம் தரும். கூட்டு நடவடிக்கை முடியாவிட்டால் தனித்தும் செயல்படலாம் என்று நான்காம் பிரிவு.

பிறகு ஏன் அது உடைந்தது?

துருக்கிய சைப்ரியட்கள் மக்கள்தொகையில் சுமார் 18 சதவீதம், அரசு வேலையில் 30 சதவீதம். முதல் நாளிலிருந்தே கிரேக்கத் தரப்புக்கு இது உறுத்தியது. பொறியமைப்பிலும் கோளாறு. வரிச் சட்டத்துக்கு இரு சமூக உறுப்பினர்களின் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும். 1961இல் துருக்கிய உறுப்பினர்கள் மறுத்ததால் வரி வசூலே சிக்கலானது. ராணுவத்தில் இரு சமூகத்தாரையும் கலந்து வைப்பதா, தனிப்படைகளா என்பதில் துணைத் தலைவர் தடுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்த, ராணுவம் உருவாகவே இல்லை. ஐந்து நகரங்களில் தனித்தனி நகராட்சி என்ற விதியை நடைமுறைப்படுத்த முடியவில்லை. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் மக்காரியோஸ் 13 திருத்தங்கள் கேட்டார், டிசம்பரில் ரத்தம் சிந்தியது.

முட்டுக்கட்டையை அவிழ்க்கும் வழி எதையும் எழுதி வைக்காததுதான் ஒப்பந்தத்தின் பெருங்குறை. ஸோர்லு அதை ஒரு பாதுகாப்பாகவே பார்த்திருப்பார், ஏனெனில் அவருக்கு முக்கியம் நான்காம் பிரிவு. 1974 ஜூலை 20 அன்று துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியபோது அங்காரா காட்டிய சட்ட ஆதாரம் அதுதான்.

1960 மே மாதம் ஆட்சி கவிழ்ந்ததற்கு வெளியுறவுக் கொள்கை காரணமா?

மெந்தெரஸ் 1960 ஜூலையில் மாஸ்கோ போகத் திட்டமிட்டிருந்தார். அதனால் அமெரிக்காதான் கவிழ்த்தது என்பது நெடுநாள் வதந்தி. ஆனால் புரட்சி அறிவிப்பை வானொலியில் வாசித்த கர்னல் அல்பர்ஸ்லான் துர்கேஷ் முதல் மூச்சிலேயே நேட்டோவுக்கும் சென்டோவுக்கும் விசுவாசம் தெரிவித்தார். உள்நாட்டுக் காரணங்களே தாராளமாக இருந்தன. ஏப்ரல் 18 அன்று எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்க 15 ஆளுங்கட்சி எம்பிக்களைக் கொண்ட குழு அமைந்தது. ஏப்ரல் 27 அன்று அதற்குக் கைது செய்யும் அதிகாரம் வரை தந்தார்கள். மறுநாளே இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டம், துப்பாக்கிச்சூடு, ஒரு மாணவர் மரணம், ராணுவச் சட்டம். அந்த ராணுவச் சட்டத்தின் நடுவில், மே 2 முதல் 4 வரை, இஸ்தான்புல்லில் நேட்டோ அமைச்சர்கள் கூட்டம். விருந்தளித்தவர் ஸோர்லு. மே 21 அன்று ராணுவக் கல்லூரி மாணவர்களே அங்காரா வீதியில் ஊர்வலம் போனார்கள். ஆறாம் நாள் ஆட்சி முடிந்தது.

யாஸ்ஸியடா விசாரணை எப்படி நடந்தது?

இஸ்தான்புல்லுக்கு அருகே மர்மரா கடலில் உள்ள சிறு தீவு யாஸ்ஸியடா. 1960 அக்டோபர் 14 முதல் 1961 செப்டம்பர் 15 வரை அங்கே 592 பேர் மீது விசாரணை. நீதிபதிகள் குழுவின் தலைவர் சலிம் பாஷோல், அரசு வழக்கறிஞர் அல்தாய் எகெசெல். நீதிமன்றமே புரட்சிக்குப் பிறகு ராணுவக் குழு இயற்றிய சட்டத்தால் உருவானது. மேல்முறையீடு கிடையாது. மரண தண்டனையை உறுதி செய்வதும் அதே ராணுவக் குழு.

தொடக்கமே நாய் வழக்கு. குடியரசுத் தலைவர் ஜெலால் பயாருக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து பரிசாக வந்த நாயை அரசுப் பண்ணைக்கு 20,000 லிராவுக்கு விற்றார்கள் என்பது குற்றம். வானொலியில் தினம் 'யாஸ்ஸியடா நேரம்' ஒலித்தது. மக்கள் மனதில் இவர்களை முதலில் கேலிப்பொருளாக்குவது நோக்கம் என்றால் வரிசை சரியாகத்தான் இருந்தது. கலவர வழக்கில் கொப்ருலுவின் வாக்குமூலம் ஸோர்லுவுக்கும் மெந்தெரஸுக்கும் எதிராக நின்றது. ஆளுக்கு 6 ஆண்டு. ஸோர்லு அந்தத் தீவில் அடைபட்டிருந்த 1960 ஆகஸ்ட் 16 அன்றுதான் சைப்ரஸ் சுதந்திரக் கொடி ஏற்றியது.

146ஆம் பிரிவில் அவர் மேல் என்னதான் குற்றம்?

ஜனநாயகக் கட்சி ஆட்சி முழுவதையும் ஒரே சதியாகக் கோத்தார்கள். 1953இல் எதிர்க்கட்சியின் சொத்தைப் பறித்தது, எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட கிர்ஷெஹிர் மாகாணத்தை 1954இல் வெறும் வட்டமாகத் தரம் இறக்கியது, 1956 பொதுக்கூட்டச் சட்டம், கடைசியாக அந்த 15 பேர் குழு. ஒவ்வொன்றும் மோசமான செயல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 146 கேட்பது பலாத்காரத்தை. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நிறைவேற்றிய சட்டம் எப்படிப் பலாத்காரமாகும் என்ற கேள்விக்குத் தீர்ப்பு தந்த பதில் பலவீனமானது. 1953இல் ஸோர்லு எம்பியாகக்கூட இல்லை, நேட்டோவில் துருக்கிப் பிரதிநிதியாக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

15 பேருக்கு மரண தண்டனை. தூக்கில் போட்டது ஏன் மூவரை மட்டும்?

15இல் 11 பெரும்பான்மை முடிவு, 4 ஒருமனதான முடிவு. ராணுவக் குழு அந்த 11ஐ ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஒருமனதானவை பயார், மெந்தெரஸ், ஸோர்லு, போலத்கான். பயாருக்கு வயது எழுபதுக்கு மேல் என்பதால் ஆயுள் தண்டனை. பிறகு விடுதலையாகி 1986 வரை, 103 வயது வரை வாழ்ந்தார். கென்னடி, டி கால், எலிசபெத் ராணி, பாகிஸ்தானின் அயூப் கான் எனப் பலர் கருணை கோரினார்கள். பரம எதிரியான எதிர்க்கட்சித் தலைவர் இஸ்மெத் இனோனுவே வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ராணுவத்துக்குள் இருந்த கடும்போக்கு அதிகாரிகளின் அழுத்தம் வென்றது.

கடைசி நேரம் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா?

மெந்தெரஸ் தூக்க மாத்திரைகளை விழுங்கி மயங்கியதால் அவருக்கு ஒரு நாள் தள்ளிப்போனது. ஸோர்லு நிதானமாக இருந்தார், குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார், சுருக்கைத் தானே மாட்டிக்கொண்டார் என்று உடனிருந்தவர்கள் சொன்னதாகத் துருக்கியில் எல்லோரும் அறிந்த விவரிப்பு. நிதானம் பற்றி எல்லா விவரிப்பும் ஒத்துப்போகிறது, நாற்காலியைத் தானே உதைத்தார் போன்ற நுணுக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

ஒரே மாதத்தில், அக்டோபர் 15 அன்று நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வாரிசான நீதிக் கட்சி 34.8 சதவீத ஓட்டு வாங்கியது. இனோனுவின் கட்சிக்கு 36.7 சதவீதம்.

தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்களா?

இரண்டு கட்டமாக. 1990இல் சட்டம் போட்டு மூவருக்கும் மரியாதையை மீட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று எலும்புகளை இம்ராலியிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2020இல் நாடாளுமன்றம் அந்த நீதிமன்றத்தின் சட்ட அடித்தளத்தையே செல்லாது என்று நீக்கியது. யாஸ்ஸியடாவுக்கு இப்போது 'ஜனநாயக மற்றும் சுதந்திரத் தீவு' என்று பெயர். கவனிக்க வேண்டியது ஒன்று: நீதிமன்றத்தை ஒட்டுமொத்தமாகத் துடைத்ததில் கலவர வழக்கின் தீர்ப்பும் சேர்ந்து போய்விட்டது.

கல்லறையைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

இஸ்தான்புல்லின் பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய தோப்காப்பி பகுதியில், அட்னான் மெந்தெரஸ் சாலையோரம். மூவரும் ஒரே நினைவிடத்தில். பக்கத்திலேயே முன்னாள் குடியரசுத் தலைவர் துர்குத் ஓஸாலின் கல்லறை. டாக்சிக்காரரிடம் 'தோப்காப்பி' என்று மட்டும் சொன்னால் வெளியூர்க்காரர் என்று பார்த்துத் தோப்காப்பி அரண்மனையில் இறக்கிவிடுவார், அது நகரின் மறுகோடியில். 'அனித் மெஸார்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நினைவிடம் என்று பொருள்.